மோல் கணக்கில் எங்களுக்கு 480, விடைத்தாளில் 300: எங்கே தவறு?

செங்காங் அப்பா

வணக்கம். மகள் சிங்கப்பூரில் உயர்நிலை 3, பியூர் கெமிஸ்ட்ரி (தனிப் பாடமாக வேதியியல்) எடுத்திருக்கிறாள். மோல் பாடத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்கிறாள். பயிற்சித்தாளில் வந்த கேள்வி இது:

2.00 கிராம் கால்சியம் கார்பனேட்டுடன் 25.0 கன செ.மீ. ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்க்கப்படுகிறது. அமிலத்தின் செறிவு ஒரு கன டெசிமீட்டருக்கு 1.00 மோல். அறை வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு கிடைக்கும்?

அவள் செய்தது: கார்பனேட் 2.00 ÷ 100 = 0.0200 மோல். அமிலம் 0.0250 × 1.00 = 0.0250 மோல். இரண்டில் 0.0200 சிறியது, ஆகவே கார்பனேட்தான் முதலில் தீரும். 0.0200 × 24 = 0.480 கன டெசிமீட்டர், அதாவது 480 கன செ.மீ.

விடைத்தாளில் 300 என்று இருக்கிறது. நான் தமிழ்நாட்டில் படித்தபடி 22.4 போட்டுப் பார்த்தேன், 448 வந்தது. அதுவும் இல்லை. சமன்பாட்டைச் சரியாகத்தான் சமன் செய்திருக்கிறாள், அமிலத்துக்கு முன்னால் 2 இருக்கிறது. அந்த 2 கணக்கில் எந்த இடத்தில் நுழைய வேண்டும் என்பதுதான் எங்கள் இருவருக்கும் பிடிபடவில்லை. கூடவே, 22.4 எப்போது 24 ஆனது என்றும் யாராவது சொன்னால் நல்லது.

தேற்றாங்கொட்டை

சார், மோலுக்கு மாற்றியது வரை எல்லாமே சரி. அடுத்த வரியில்தான் வழுக்கியிருக்கிறது. இரண்டு மோல் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது சிறியது என்று பார்க்கக் கூடாது. சமன்பாட்டில் அந்தந்தப் பொருளுக்கு முன்னால் நிற்கும் எண்ணால் வகுத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

கால்சியம் கார்பனேட் + 2 ஹைட்ரோகுளோரிக் அமிலம் → கால்சியம் குளோரைடு + நீர் + கார்பன் டை ஆக்சைடு

கார்பனேட்: 0.0200 ÷ 1 = 0.0200
அமிலம்: 0.0250 ÷ 2 = 0.0125

இப்போது அமிலம்தான் சிறியது, அதுதான் முதலில் தீரும். கிடைக்கும் வாயு 0.0125 மோல், 24 ஆல் பெருக்கினால் 0.300 கன டெசிமீட்டர். 300 கன செ.மீ. வந்துவிட்டது.

மகளுக்குச் சூத்திரமாகச் சொல்லாமல் பரோட்டாக் கடைக் கணக்காகச் சொல்லுங்கள். ஒரு தட்டு என்றால் ஒரு கிண்ணம் குழம்பு, இரண்டு பரோட்டா. கடையில் 20 கிண்ணம் குழம்பும் 25 பரோட்டாவும் இருக்கின்றன. 20 சிறிய எண் என்பதால் குழம்பு முதலில் தீரும் என்று எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார். பரோட்டா பன்னிரண்டரைத் தட்டுக்குத்தான் வரும், அதன் பிறகு ஏழரைக் கிண்ணம் குழம்பு அப்படியே மிஞ்சும். உங்கள் கேள்வியின் எண்களும் இவைதான், ஆயிரத்தில் ஒரு பங்காக இருக்கின்றன, அவ்வளவே. மிஞ்சும் கார்பனேட் 0.0200 − 0.0125 = 0.0075 மோல், அதாவது 0.75 கிராம். வினை நின்ற பிறகும் குடுவையின் அடியில் வெள்ளையாகத் தங்கியிருப்பது அதுதான். பல வினாத்தாள்களில் அடுத்த உட்பிரிவே மிஞ்சியது எவ்வளவு என்றுதான் வரும்.

இந்தத் தடுமாற்றத்துக்கு வேர் பெரும்பாலும் இன்னும் முன்னால் இருக்கிறது. மோல் என்பது எண்ணிக்கை என்பது மனத்தில் பதியாமல், இன்னொரு எடை அலகு போலத் தோன்றிக்கொண்டிருக்கும். வீட்டு உண்டியலை வைத்தே காட்டலாம். இப்போது சிங்கப்பூரில் புழக்கத்தில் இருக்கும் ஒரு வெள்ளி (ஒரு டாலர்) நாணயம் 7.62 கிராம், பத்துக் காசு நாணயம் 2.36 கிராம். 762 கிராம் ஒரு வெள்ளி நாணயங்களை ஒரு தட்டிலும் 236 கிராம் பத்துக் காசுகளை இன்னொரு தட்டிலும் வையுங்கள். எடை மூன்று மடங்கு வித்தியாசம், எண்ணிக்கை இரண்டிலும் 100. நிறுத்துப் பார்த்தே எண்ணிவிட்டோம். மோலும் இதே வேலையைத்தான் செய்கிறது. 12 கிராம் கார்பனில் எத்தனை அணுக்கள் உண்டோ, 18 கிராம் நீரில் அத்தனை மூலக்கூறுகள் உண்டு: 6.02 × 10²³. அந்தப் 18 கிராம் நீர் ஒரு மேசைக்கரண்டியை நிரப்பிக் கொஞ்சம் வழியும், அவ்வளவுதான்.

அணுக்களும் மூலக்கூறுகளும் எண்ணிக்கைப்படிதான் ஒன்றோடொன்று வினைபுரிகின்றன, கிராம்படி அல்ல. சமன்பாட்டில் இருக்கும் 1, 2 எல்லாம் எண்ணிக்கை விகிதம். அதனால் கிராமையும் கன செ.மீ.யையும் முதலில் மோலாக்க வேண்டும், மோலில் இருக்கும்போதே அந்த விகிதத்தைப் போட வேண்டும், பிறகுதான் கேட்ட அலகுக்குத் திரும்ப வேண்டும். விகிதம் வேறெந்த இடத்திலும் நுழையக் கூடாது.

நுழையக் கூடாத இடம் ஒன்றைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 480 தவறைத் திருத்திக்கொள்ளும் பிள்ளைகள் அடுத்து இதில்தான் விழுகிறார்கள். அமிலத்துக்கு முன்னால் 2 இருக்கிறதே என்று அதன் மோலார் நிறையை (ஒரு மோலின் நிறையை) 2 × 36.5 = 73 என்று எழுதிவிடுவார்கள். 3.65 கிராம் ஹைட்ரஜன் குளோரைடு கொடுத்தால் 3.65 ÷ 73 = 0.05 மோல் என்று வரும். சரியான விடை 0.1 மோல். ஒரு பரோட்டாவின் எடை, தட்டில் எத்தனை பரோட்டா வைக்கிறோம் என்பதால் மாறாது. வாய்பாட்டுக்குள் கீழே சிறியதாக எழுதும் எண் மட்டுமே மோலார் நிறைக்குள் போகும்: கார்பனேட்டில் ஆக்சிஜனின் 3 அப்படிப்பட்டது, 40 + 12 + 3 × 16 = 100. முன்னால் பெரியதாக நிற்கும் எண் விகிதத்துக்கு மட்டும்.

ஈசூன் வாசகி

22.4 பற்றி நான் சொல்கிறேன். சார் படித்ததும் தவறில்லை, இங்கே உள்ள பாடநூலும் தவறில்லை. வெப்பநிலைதான் வேறு.

1811இல் அவகாட்ரோ முன்வைத்த கருத்து: ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தத்தில் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும். அப்படியானால் ஒரு மோல் வாயு எந்த வாயுவாக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே இடத்தைத்தான் அடைக்கும். ஆனால் வாயுவைச் சூடாக்கினால் விரியும் அல்லவா? 1 வளிமண்டல அழுத்தத்தில் ஒரு மோலின் பருமன் 0 °செ.யில் 22.4 லிட்டர், 20 °செ.யில் 24.1, 25 °செ.யில் 24.5. தமிழ்நாட்டில் 0 °செ. அளவை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். சிங்கப்பூர்ப் பள்ளித் தேர்வில் அறை வெப்பநிலைக்கு 24 என்று முழு எண்ணாக வைத்துக்கொள்கிறார்கள். கன டெசிமீட்டர் என்பது லிட்டரேதான், கன செ.மீ. என்பது மில்லி லிட்டரேதான். பெயரைப் பார்த்து வேறு அலகு என்று நினைக்க வேண்டாம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு 1000 ஆல் வகுப்பதற்குப் பதில் 100 ஆல் வகுத்துவிடுவது அடிக்கடி நடக்கும்.

24 வாயுவுக்கு மட்டும். மேலே உள்ள சமன்பாட்டில் நீரும் 0.0125 மோல் உண்டாகிறது. அதையும் 24 ஆல் பெருக்கி 300 கன செ.மீ. நீர் என்று எழுதுவது உண்டு. உண்மையில் அது 0.0125 × 18 = 0.225 கிராம், சில சொட்டு.

இன்னொன்று. 2019 மே 20 முதல் மோலின் வரையறையே மாறிவிட்டது. முன்பு 12 கிராம் கார்பன்-12இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை என்று சொன்னோம். இப்போது 6.02214076 × 10²³ துகள்கள் என்று எண்ணாலேயே நிர்ணயித்துவிட்டார்கள். பிள்ளைகளின் கணக்கில் இதனால் எதுவும் மாறாது, தேர்வில் 6.02 × 10²³தான். ஆனாலும் மோல் என்றால் எண்ணிக்கை என்று தேற்றாங்கொட்டை சொல்வதற்கு இதைவிட நேரான சான்று இல்லை.

செங்காங் அப்பா

இருவருக்கும் மிக்க நன்றி. பரோட்டாக் கணக்கு அவளுக்குச் சட்டென்று பிடித்துவிட்டது, தட்டு வரைந்தே இரண்டு கணக்குப் போட்டாள். இப்போது வேறு இரண்டு சந்தேகம் கிளம்பியிருக்கிறது.

ஒன்று: பள்ளிச் செய்முறையில் 0.30 கிராம் கால்சியம் கார்பனேட் தூளில் அதே அமிலம் 25 கன செ.மீ. ஊற்றி வாயு ஊசிக்குழலில் (கேஸ் சிரிஞ்சில்) பிடித்தார்கள். கணக்குப்படி 72 வர வேண்டும், 55தான் வந்தது. அளவு குறைந்தது ஏன்?

இரண்டு: 25.0 கன செ.மீ. சோடியம் ஹைட்ராக்சைடை நடுநிலையாக்க, லிட்டருக்கு 0.100 மோல் செறிவுள்ள கந்தக அமிலம் 22.40 கன செ.மீ. தேவைப்பட்டது. காரத்தின் செறிவு என்ன? நான் என்1 வி1 = என்2 வி2 முறையைச் சொல்லிக்கொடுத்தேன். 0.0896 வந்தது. விடைத்தாளில் 0.179.

கூம்புக்குடுவை

முதல் கேள்வி செய்முறை சார்ந்தது, அதை நான் எடுத்துக்கொள்கிறேன். 0.30 ÷ 100 = 0.0030 மோல் கார்பனேட், அமிலம் 0.0250 மோல். தேவைக்கு நான்கு மடங்குக்கு மேல் அமிலம் இருக்கிறது, ஆகவே 72 என்பது சரியான எதிர்பார்ப்புதான். குறைந்த 17 கன செ.மீ. போயிருக்கக்கூடிய வழிகள் இரண்டு.

பெரிய வழி, கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைவது. அறை வெப்பநிலையில் ஒரு பங்கு நீர் தன் பருமனில் முக்கால் பங்குக்குச் சற்று மேல் இந்த வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குடுவையில் 25 கன செ.மீ. திரவம் இருந்தால் 20 வரை அதற்குள்ளேயே தங்கிவிடலாம். இதற்குப் பரிகாரம் எளிது: அதே செறிவுள்ள அமிலத்தை 25க்குப் பதில் 10 கன செ.மீ. மட்டும் ஊற்றுவது. அப்போதும் 0.0100 மோல் அமிலம் இருக்கிறது, தேவை 0.0060தான். திரவம் குறைவதால் கரைந்து மறையும் வாயுவும் 8 கன செ.மீ.க்குள் அடங்கும். வினை முடிந்ததும் குடுவையை மெதுவாகச் சுழற்றிவிட்டால் கரைசலில் கூடுதலாகத் தங்கிய குமிழ்களும் வெளியேறும்.

இரண்டாவது வழி, அடைப்பான். தூளின் மேல் அமிலத்தை ஊற்றிவிட்டு ரப்பர் அடைப்பானைத் தேடி எடுத்து அழுத்துவதற்குள் இரண்டு மூன்று நொடி ஓடிவிடும். தூள் என்பதால் வேகம் மிக அதிகம், முதல் நொடிகளில் பொங்குவதுதான் மிகுதி. தூளை ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் போட்டு, நூலில் கட்டிக் குடுவைக்குள் தொங்கவிட்டு, அடைப்பானை முதலில் இறுக்கிவிட்டுப் பிறகு குடுவையைச் சாய்த்தால் ஒரு குமிழ்கூட வெளியே போகாது.

அளவைத் திட்டமிடும்போது ஊசிக்குழலின் கொள்ளளவைப் பார்ப்பது அவசியம். பள்ளிகளில் இருப்பது பெரும்பாலும் 100 கன செ.மீ. குழல். 0.12 கிராம் மெக்னீசியம் நாடாவைத் தேவைக்கு மேல் அமிலத்தில் போட்டால் 0.0050 மோல் ஹைட்ரஜன், 120 கன செ.மீ. குழலுக்குள் நகரும் உலக்கை முழுவதும் வெளியே வந்து கீழே விழும், கண்ணாடி உடையும். 0.08 கிராம் எடுத்தால் 80இல் நிற்கும். நாடாவின் மேல் சாம்பல் பூத்தது போல இருப்பது ஆக்சைடு. அதை மணல்தாளால் தேய்த்து, பளபளப்பு வந்த பிறகு நிறுக்க வேண்டும். தேய்க்காமல் நிறுத்தால் ஆக்சைடின் எடையும் மெக்னீசியமாகக் கணக்கில் ஏறிவிடும், ஹைட்ரஜன் குறையும்.

கார்பனேட்டுக்குக் கந்தக அமிலம் பயன்படுத்தலாமா என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. சலவைக்கல் துண்டுகளில் ஊற்றினால் சிறிது நேரம் நுரைத்துவிட்டு நின்றுவிடும். உண்டாகும் கால்சியம் சல்பேட் எளிதில் கரையாது, கல்லின் மேல் பூச்சாகப் படிந்து அமிலம் உள்ளே போகாமல் மறித்துவிடுகிறது. அங்கே அமிலமும் தீரவில்லை, கல்லும் தீரவில்லை, ஆனாலும் வினை நிற்கிறது. வாயு வருவது நின்றாலே ஏதோ ஒன்று தீர்ந்துவிட்டது என்று எழுதுவதற்கு முன் இதையும் யோசிக்க வேண்டும்.

தேற்றாங்கொட்டை

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சார், நீங்கள் சொல்லிக்கொடுத்த சூத்திரம் நார்மாலிட்டிக்கு உரியது. நார்மாலிட்டியில் அமிலம் எத்தனை ஹைட்ரஜன் அயனி தரும் என்பது செறிவுக்குள்ளேயே அடங்கியிருக்கும், அதனால் இருபுறமும் நேராகச் சமப்படுத்தலாம். இங்கே கொடுத்திருப்பது மோலாரிட்டி, அதாவது லிட்டருக்கு எத்தனை மோல் என்பது. அதில் அந்த விகிதம் கிடையாது, சமன்பாட்டிலிருந்து நாம்தான் கொண்டுவர வேண்டும்.

2 சோடியம் ஹைட்ராக்சைடு + கந்தக அமிலம் → சோடியம் சல்பேட் + 2 நீர்

அமிலம்: 0.02240 × 0.100 = 0.00224 மோல்
காரம்: 0.00224 × 2 = 0.00448 மோல்
செறிவு: 0.00448 ÷ 0.0250 = 0.179, ஒரு கன டெசிமீட்டருக்கு மோல்

உங்களுக்கு வந்தது சரியாகப் பாதி. விடை இரண்டு மடங்கு கூடியோ பாதியாகவோ வந்தால் எண்களைத் திரும்பப் பெருக்கிப் பார்க்க வேண்டாம், நேராக விகிதத்தைப் பாருங்கள், தவறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலமாக இருந்தால் விகிதம் 1:1, அப்போது உங்கள் சூத்திரமும் சரியான விடையே தரும். அதனால்தான் இந்தத் தவறு நெடுநாள் வெளியே தெரியாமல் ஒளிந்துகொண்டிருக்கும்.

இப்படி அமிலத்தையும் காரத்தையும் அளந்து சேர்த்துச் செறிவு காணும் தரம்பார்த்தலில் எந்தப் பாத்திரத்தை எதனால் கழுவுவது என்பதைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். மோல் எண்ணிக்கை என்று புரிந்தவர்களுக்கு அந்த மனப்பாடம் தேவையில்லை. கூம்புக்குடுவைக்குள் பிப்பெட் (25.0 கன செ.மீ. அளந்து எடுக்கும் குழாய்) கொண்டுவந்து இறக்குவது ஒரு குறிப்பிட்ட மோல் காரம். உள்ளே ஏற்கெனவே தண்ணீர் இருந்தால் செறிவு குறையும், மோல் குறையாது. தீர்க்க வேண்டிய அமிலமும் மாறாது. ஆகவே குடுவையைத் தண்ணீரால் மட்டும் கழுவினால் போதும், ஈரமாகவே பயன்படுத்தலாம். அதையே காரத்தால் அலசினால் சுவரில் ஒட்டிய காரம் கணக்கில் வராத மோலாகச் சேர்ந்து, அமிலம் கூடுதலாகச் செலவாகும். அமிலத்தைத் திருகின் வழியே அளந்து விடும் குழாயான பியூரெட்டைத் தண்ணீரால் மட்டும் கழுவினால் உள்ளே ஒட்டிய நீர் அமிலத்தை நீர்த்துவிடும், அதனாலும் அமிலத்தின் கன அளவு கூடும். பிப்பெட்டில் தண்ணீர் தங்கினால் 25.0க்குள் காரம் குறையும், அமிலமும் குறைவாகவே செலவாகும். எனவே பியூரெட்டைக் கடைசியாக அமிலத்தாலும் பிப்பெட்டைக் காரத்தாலும் அலச வேண்டும்.

கைப்பழக்கத்தில் பிசகுபவை வேறு. பியூரெட்டை நிரப்பிய புனலை அப்படியே மேலே விட்டுவிடுவார்கள், நடுவில் அதிலிருந்து ஒரு சொட்டு விழுந்து அளவைக் கெடுக்கும். திருகுக்குக் கீழே உள்ள முனையில் காற்றுக்குமிழ் இருந்தால் அது பாதியில் வெளியேறி, செலவாகாத அமிலத்தைச் செலவானதாகக் காட்டும். பிப்பெட்டில் கடைசியாக நிற்கும் சொட்டை ஊதித் தள்ளக் கூடாது, முனையைக் குடுவைச் சுவரில் ஒருமுறை தொட்டு எடுத்தால் போதும், அந்தச் சொட்டையும் கணக்கில் கொண்டுதான் பிப்பெட்டில் அளவுக்கோடு போட்டிருக்கிறார்கள். பியூரெட் அளவை எப்போதும் இரண்டு தசம இடத்தோடு, 0.05க்கு அருகில் எழுத வேண்டும்: 22.4 அல்ல, 22.40. நிறங்காட்டியான மெத்தில் ஆரஞ்சு காரத்தில் மஞ்சள். முடிவுப்புள்ளி ஆரஞ்சு நிறம். சிவப்பு வரும்வரை போனால் தாண்டிவிட்டோம். குடுவையின் கீழ் வெள்ளை ஓடு வைத்து, நிறம் மாறி மாறி மறையும் கட்டத்தில் சொட்டுச் சொட்டாக விடச் சொல்லுங்கள். இரண்டு அளவுகள் 0.10க்குள் ஒத்து வரும்வரை செய்வது நல்ல பழக்கம். முதலில் உத்தேசமாகச் செய்த அளவைச் சராசரியில் சேர்க்கக் கூடாது.

மகளுக்கு ஒரு கணக்கு: 0.12 கிராம் மெக்னீசியம், 20.0 கன செ.மீ. ஹைட்ரோகுளோரிக் அமிலம், செறிவு லிட்டருக்கு 0.400 மோல். எது முதலில் தீரும், எவ்வளவு ஹைட்ரஜன், மிஞ்சுவது எத்தனை கிராம்?

செங்காங் அப்பா

மெக்னீசியம் 0.0050, அமிலம் 0.0080. வகுத்த பிறகு 0.0050, 0.0040. அமிலம் முதலில் தீரும், ஹைட்ரஜன் 0.0040 மோல், 96 கன செ.மீ. மிஞ்சும் மெக்னீசியம் 0.0010 மோல், 0.024 கிராம். அவளே போட்டாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். 96 என்பதால் 100 குழலில் பிடித்துவிடலாம் என்றும் கீழே எழுதியிருக்கிறாள்.

கூம்புக்குடுவை

கணக்கு முழுவதும் சரி. குழலை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். 96 என்பது ஒரு மோலுக்கு 24 என்று வைத்து வந்தது. குளிர்சாதனம் இல்லாத ஆய்வுக்கூடத்தில் 30 °செ. இருந்தால் ஒரு மோல் 24.9 வரும், அப்போதே 99.6 ஆகிவிடும். அமிலக் கரைசலிலிருந்து எழும் நீராவியும் சேர்ந்தால் 100ஐத் தாண்டும். அமிலத்தை 15.0 கன செ.மீ. ஆக்கினால் 72இல் நிற்கும்.